புதரில் ஒளிந்திருக்கும் காய்ச்சல்: டாக்டரிடம் சொல்ல வேண்டிய சேதிகள்

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் புதுவை வட்டாரத்து விவசாயிக்கு வேலை கூடிவிடுகிறது. சம்பா வயலில் களையெடுப்பு, வரப்பு செதுக்குதல், மாட்டுக்குப் புல் அறுத்தல், விறகு பொறுக்குதல் என்று காலை முதல் மாலை வரை ஈரமண்ணோடும் புல் பூண்டோடும்தான் பொழுது கழிகிறது. இதே மாதங்களில் புதுவை நகரத்து ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல் நோயாளிகளின் கூட்டமும் பெருகுகிறது. பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு பகுதிகளிலிருந்தும், அண்டையிலுள்ள கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் கோரிமேட்டு ஜிப்மர் முதலான ஆஸ்பத்திரிகளை நாடி வருகிறார்கள்.

மழைக்காலத்துக் காய்ச்சல் என்றால் மலேரியா, டெங்கு, டைபாய்டு ஆகியவையே சட்டென்று நினைவுக்கு வரும். ஆனால் வயலிலும் புதரிலும் வேலை செய்வோரைத் தாக்கும் வேறொரு காய்ச்சலும் உண்டு. அதற்கு 'ஸ்கரப் டைபஸ்' என்று பெயர். மக்கள் இதனை 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார்கள். காலத்தில் கண்டுபிடித்துவிட்டால் ஒரு வாரம் சாப்பிடும் விலை குறைந்த மாத்திரையிலேயே இது தீர்ந்துவிடும். கண்டுபிடிக்கத் தவறினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைப் பாதித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். சிகிச்சை பெறாதவர்களில் சராசரியாக 100க்கு 6 பேர் வரை இறந்திருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டுள்ளனர்.

இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் டாக்டருக்குப் பெரிதும் உதவுபவை இரண்டு. ஒன்று, நோயாளியின் உடம்பில் மறைவாக இருக்கும் ஒரு சிறு கருப்புப் பொருக்கு. மற்றொன்று, காய்ச்சல் வருவதற்கு முன் அவர் என்ன வேலை செய்தார் என்ற விவரம். இரண்டும் தெரிந்தவர் நோயாளிதான். ஆகவே இந்தக் காய்ச்சலைப் பற்றி விவசாயிகள் அறிந்திருப்பது மிகவும் அவசியமாகும்.

பழைய நோய், புதிய கவனம்

இது ஆதியிலிருந்தே விவசாயிகளின் நோய். ஜப்பான் நாட்டில் வெள்ளம் வடிந்த ஆற்றுப் படுகைகளில் பயிர் செய்தவர்களுக்கு இந்தக் காய்ச்சல் கண்டது. 1879ஆம் ஆண்டிலேயே இதனை 'வெள்ளக் காய்ச்சல்' என்று மருத்துவர்கள் எழுதி வைத்துள்ளனர். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா காடுகளில் போரிட்ட படைவீரர்கள் பலர் இதற்கு ஆளாயினர். பிறகு நீண்ட காலம் இந்த நோய் மருத்துவப் புத்தகத்தில் மட்டும் இருப்பதாகப் பலரும் நினைத்திருந்தனர்.

புதுவையில் 50 நோயாளிகளிடம் இந்தக் காய்ச்சல் கண்டறியப்பட்ட விவரம் 2010ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உடம்பில் கருப்புப் பொருக்கு காணப்பட்டது. புதுவையிலும் தமிழ்நாட்டிலும் குளிர்ந்த மாதங்களில் இந்தக் காய்ச்சல் கூடுதலாகக் காணப்படுவதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் காட்டின. தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை 2020 ஆகஸ்டு முதல் 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், கிராமத்து மக்களுக்கு வரும் காய்ச்சல்களில் இது கணிசமான இடத்தைப் பிடித்திருப்பது தெரிய வந்தது. ஆகவே 'எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ வியாதி' என்று இனி இதனை ஒதுக்கிவிட முடியாது.

பரப்புவது எது?

உண்ணிக் காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டு, மாட்டின் உடம்பில் ஒட்டியிருக்கும் உண்ணியால் இது வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. வெண்டை, கத்தரி போன்ற பயிர்களைத் தாக்கும் செஞ்சிலந்தியையும், 1998ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளைப் பாழ்படுத்திய ஈரியோபைட் சிலந்தியையும் விவசாயிகள் அறிவார்கள். ஸ்கரப் டைபஸைப் பரப்புவதும் அவற்றுக்குத் தூரத்து உறவான ஒரு சிலந்திப் பேன்தான். 'லெப்டோட்ராம்பிடியம் டெலியன்ஸ்' என்பது நம் பகுதியில் காணப்படும் இனத்தின் பெயர்.

வளர்ந்த சிலந்திகள் மண்ணில் வாழ்ந்து, சிறு பூச்சிகளின் முட்டைகளைத் தின்று பிழைக்கின்றன. அவை மனிதரைக் கடிப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுப் பருவத்துக்கு மட்டும் பிராணிகளின் உடம்பிலிருந்து உணவு தேவை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய இந்த இளம் சிலந்தி, புல் நுனியிலும் சருகிலும் காத்திருந்து, அவ்வழியே செல்லும் எலி, மூஞ்சூறு போன்றவற்றின் மேல் ஏறிக்கொள்கிறது. மனிதர் குறுக்கிட்டால் மனிதர் மேலும் ஏறிவிடுகிறது. கடிக்கும்போது வலியோ அரிப்போ பெரும்பாலும் தெரியாது. அந்தச் சமயத்தில் 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்ற நுண்கிருமி உடம்புக்குள் புகுகிறது.

கிருமி தாய்ச் சிலந்தியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் செல்கிறது. எனவே நோய்க்கிருமி ஒரு முறை ஓரிடத்துச் சிலந்திகளிடம் நிலைத்துவிட்டால் அந்தப் புதரும் வரப்பும் பல பருவங்களுக்கு ஆபத்தான இடமாகவே இருக்கக்கூடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975ஆம் ஆண்டு முதல் புதுவையில் இயங்கி வருகிறது. புதுவையிலும் தமிழ்நாட்டிலும் எலிகளையும் மூஞ்சூறுகளையும் பிடித்து அவற்றின் மேலிருந்த சிலந்திகளை ஆராய்ந்து, 2016ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியிடப்பட்டன. பிடிபட்ட பிராணிகளில் மூஞ்சூறுகளே அதிகம். வயல் எலியை மட்டும் கவனித்தால் போதாது. வீட்டுத் தோட்டத்திலும் சாக்கடை ஓரத்திலும் இரவில் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். நகரத்துக் காலி மனைகளில் மண்டிய புதருக்குப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

அறிகுறிகள்

சிலந்தி கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள், பெரும்பாலும் 10, 12 நாட்களில், காய்ச்சல் தொடங்குகிறது. குளிர் நடுக்கம், கடுமையான தலைவலி, உடம்பு வலி ஆகியவை உடன் வரும். சிலருக்கு வாந்தி, வறட்டு இருமல், கண் சிவத்தல், நெறி கட்டுதல் ஆகியவையும் உண்டு. காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டும்போது மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், மஞ்சள் காமாலை, புத்தி தடுமாற்றம் முதலிய ஆபத்தான குறிகள் தோன்றலாம்.

கருப்புப் பொருக்கைத் தேடிப் பார்ப்பது மிகவும் முக்கியம். சிலந்தி கடித்த இடத்தில் முதலில் சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, நடுவில் கருப்பாகப் பொருக்குத் தட்டுகிறது. சுற்றிலும் சிவந்திருக்கும். பார்ப்பதற்குப் பீடி நெருப்புச் சுட்டது போல இருக்கும். வலி இராது; ஆகையால் நோயாளியே அதை அறிந்திருக்கமாட்டார்.

உடை இறுக்கமாக இருக்கும் இடத்தில் சிலந்தி தங்கிக் கடிப்பது வழக்கம். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா அல்லது அரைஞாண் கயிறு படும் இடம், பெண்களின் மார்புக்கு அடிப்பக்கம், பிட்டம், முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம், குழந்தைகளின் பிறப்புறுப்புப் பகுதி ஆகிய இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வியர்வை தங்கும் இடங்களில் பொருக்குத் தட்டாமல் வெறும் புண்ணாகவும் இருக்கலாம். இவை யாவும் மறைவான இடங்கள் என்பதால், கூட்டமான ஆஸ்பத்திரியில் காட்டுவதற்குப் பெண்கள் கூச்சப்படுவது இயற்கையே. வீட்டிலேயே தாயோ சகோதரியோ பார்த்துச் சொல்லிவிட்டால் டாக்டருக்கு அதுவே பெரிய உதவியாகும். பொருக்கு இல்லை என்பதற்காக இந்த நோய் இல்லை என்றும் முடிவு செய்துவிடக் கூடாது.

தாமதம் எங்கே ஏற்படுகிறது?

வழக்கமாக நடப்பது இதுதான். காய்ச்சல் கண்டவர் முதல் இரண்டு நாள் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். காய்ச்சல் சற்றுத் தணிந்ததும் வேலைக்குப் போகிறார். மீண்டும் காய்ச்சல் அடிக்கவே பக்கத்திலுள்ள ஒருவரிடம் ஊசி போட்டுக்கொள்கிறார். இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் டெங்கு என்ற சந்தேகம் எழுகிறது. ஸ்கரப் டைபஸிலும் தட்டணுக்கள் குறையும். இப்படி 7, 8 நாட்கள் கழிந்துவிடுகின்றன. கடைசியில் மூச்சுத் திணறலோடு நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியதாகிவிடுகிறது.

இடையில் போட்ட ஊசிகள் ஏன் பலன் தரவில்லை என்ற கேள்வி எழலாம். பென்சிலின், அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்றவை சக்தி வாய்ந்த மருந்துகள்தான். ஆனால் இந்தக் கிருமி மனித உயிரணுக்களுக்கு உள்ளேயே புகுந்து வாழ்கிறது. மேற்சொன்ன மருந்துகள் தாக்கும் செல்சுவர் அமைப்பும் இதற்குப் போதிய அளவில் இல்லை. ஆகவே அவற்றுக்கு இது மசிவதில்லை. பயிரில் பூஞ்சாண நோய்க்குப் பூச்சி மருந்து அடித்தால் எப்படிப் பயன் இராதோ அதுபோலத்தான் இதுவும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

'வெயில்-ஃபெலிக்ஸ்' என்ற பழைய இரத்தப் பரிசோதனை சிறிய ஊர்களிலும் செய்யக்கூடியது. ஆனால் நோய் இருந்தும் இல்லையென்று காட்டிவிடுவது இதன் குறை. 'ஐ.ஜி.எம். எலைசா' என்ற பரிசோதனை இதைவிட நம்பகமானது. எனினும் காய்ச்சலின் முதல் சில நாட்களில் இதுவும் தெளிவாகக் காட்டாது. 'பி.சி.ஆர்.' முறையில் பொருக்கிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ கிருமியைக் கண்டறியும் வசதி பெரிய நிலையங்களில் உண்டு.

முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. நோய் இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவாக இருந்தாலே மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

டாக்சிசைக்ளின் என்ற மருந்தே முதன்மையானது. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் வீதம் காலையும் இரவும் 7 நாட்களுக்குக் கொடுப்பது வழக்கம். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு எடையைக் கணக்கிட்டு டாக்டரே அளவைத் தீர்மானிப்பார். தக்க மருந்து உள்ளே சென்றால் 48 மணி நேரத்தில் காய்ச்சல் பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்காவிட்டால் வேறு நோய் உள்ளதா என்று டாக்டர் மறுபடி ஆராய வேண்டியிருக்கும். ஆகவே அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நோய் முற்றிய நிலையில் வருபவர்களுக்கு எது சிறந்தது என்று இந்தியாவில் 7 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகச் செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதைவிட அதிகப் பலன் தருகிறது என்பது அதில் நிரூபணமாயிற்று.

மாத்திரையை உணவுக்குப் பின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுக்கக் கூடாது. உணவுக்குழாயில் புண் ஏற்படலாம். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை அதே நேரத்தில் சாப்பிடக் கூடாது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவதும், டாக்டரைக் கேளாமல் கடையில் வாங்கிச் சாப்பிடுவதும் தவறு.

மண்ணிலிருந்து வரும் வேறு இரண்டு நோய்கள்

சேற்றிலும் தண்ணீரிலும் நின்று வேலை செய்வோருக்கு வரக்கூடியது எலிக் காய்ச்சல். எலி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து 'லெப்டோஸ்பைரா' என்ற கிருமி, காலிலுள்ள சிராய்ப்பு, வெடிப்பு வழியாக உடம்பில் நுழைகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலி, கண் சிவத்தல், பின்னர் மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல் ஆகியவை இதன் குறிகள். இதற்குப் பென்சிலினும் டாக்சிசைக்ளினும் நல்ல மருந்துகள்.

மற்றொன்று 'மெலியாய்டோசிஸ்'. இதன் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாகவே வாழ்கிறது. ரங்கூனில் பணியாற்றிய விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி ஆகிய இரு மருத்துவர்கள் இதனை முதன்முதலில் விவரித்து 1912ஆம் ஆண்டில் எழுதினர். சர்க்கரை நோய் உள்ளவர்களையே இது பெரும்பாலும் தாக்குகிறது. நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், மூட்டு ஆகியவற்றில் சீழ்க் கட்டிகள் தோன்றும். காசநோய் போலவே நாள்பட்ட இருமலும் காய்ச்சலும் இருப்பதால், காசநோய்க்கு மருந்து சாப்பிட்டும் குணமாகாமல் அலைபவர்கள் உண்டு. இரத்தத்தையோ சீழையோ வளர்ப்புச் சோதனை செய்துதான் இதனை உறுதிப்படுத்த முடியும். செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசியைக் குறைந்தது 10 முதல் 14 நாட்களும், பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரையைக் குறைந்தது 3 மாதமும் எடுத்துக்கொள்ள வேண்டும். இடையில் விட்டுவிட்டால் நோய் திரும்பும்.

இந்த மூன்று நோய்களுக்கும் ஒரே மருந்து போதாது. ஆனால் மூன்றிலும் டாக்டரின் சந்தேகத்தைச் சரியான பக்கம் திருப்புவது, நோயாளி மண்ணிலும் புதரிலும் வேலை செய்தவர் என்ற ஒரு சேதியே.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

விவசாயிகள் ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது, டாக்டர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பின்வரும் விவரங்களைத் தாமாகவே சொல்ல வேண்டும்.

1. காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள் ஆகிறது என்பது.

2. அதற்கு முந்தைய 3 வாரங்களில் செய்த வேலை: களையெடுப்பு, புல் அறுப்பு, புதர் வெட்டு, எலி வளை தோண்டுதல், சேற்றில் நடவு முதலியன.

3. உடம்பில் எங்கேனும் கருப்புப் பொருக்கு, புண், நெறி உள்ளதா என்பது.

4. கால், கைகளில் வெட்டுக்காயம், பித்தவெடிப்பு இருந்ததா என்பது.

5. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உண்டா என்பது; பெண்களானால் கர்ப்பமாக இருக்கிறார்களா என்பது.

6. இதுவரை சாப்பிட்ட மாத்திரை, போட்ட ஊசி விவரம். சீட்டும் மாத்திரை அட்டையும் இருந்தால் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

7. வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ, உடன் வேலை செய்தவர்களிலோ இதே காய்ச்சல் யாருக்கும் வந்ததா என்பது. ஸ்கரப் டைபஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆயினும் ஒரே புதரில் வேலை செய்த பலருக்கு வரலாம்.

வயலிலும் வீட்டிலும் தடுப்பு

ஸ்கரப் டைபஸுக்குத் தடுப்பூசி கிடையாது. ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். ஆகவே முன்னெச்சரிக்கையே நல்லது. புல் அறுக்கவும் புதர் வெட்டவும் செல்பவர்கள் முழுக்கைச் சட்டையும், கால் முழுதும் மூடும் உடையும் அணிய வேண்டும். சேற்று வேலைக்கு, முடிந்தவரை ரப்பர் பூட்ஸ் அணிய வேண்டும். சர்க்கரை நோயாளிகள் காலில் புண் இருக்கும்போது சேற்றில் இறங்கவே கூடாது. புல் தரையில் வெறுமனே உட்காருவதும் படுப்பதும், துவைத்த துணியைப் புதர் மேலும் புல் மேலும் உலர்த்துவதும் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியைத் துவைக்கப் போட்டுவிட வேண்டும். உடம்பில் ஏறிய சிலந்தி கடிப்பதற்கு இடம் பிடிக்குமுன் இதனால் கழுவப்பட்டுவிடும்.

வரப்புகளை அகலமின்றித் தாழ்வாக அமைத்து, அறுகு, கோரை மண்டாமல் செதுக்கி வைத்தால் எலி வளை தோண்டுவது குறையும். நெற்பயிருக்கும் இது நன்மையே. தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலிகளைப் பிடிப்பதும், ஆந்தை அமர்வதற்குக் குச்சி நடுவதும் செலவில்லாத முறைகள். எலிகளை ஒழித்துவிட்டுப் புதரை அப்படியே விட்டால் அங்குள்ள சிலந்திகளுக்கு மனிதரே இரையாகக்கூடும். ஆகையால் புதர் அகற்றுவதையும் எலி ஒழிப்பையும் சேர்த்தே செய்ய வேண்டும். வைக்கோல்போர், விறகுக் கட்டு, மாட்டுத் தொழுவம் ஆகியவற்றைச் சுற்றி 2 மீட்டர் அகலத்துக்குத் தரையைச் சுத்தமாக வைப்பது நல்லது. சோற்றுப் பருக்கைகளையும் குப்பையையும் கொல்லையில் கொட்டாமலிருந்தால் மூஞ்சூறு அண்டாது.

பயிர் வாடினால் விவசாயி இலையைத் திருப்பிப் பார்க்கிறார். வேரைப் பிடுங்கிப் பார்க்கிறார். முந்தைய வாரம் என்ன உரம் போட்டோம் என்று யோசிக்கிறார். தம் உடம்புக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே முறையைக் கையாள வேண்டும். மழைக்காலத்தில் 3 நாட்களுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், உடம்பைத் தேடிப் பார்த்து, செய்த வேலையை நினைவில் வைத்து, உடனே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ செல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட ஒரு சேதியால் உயிர் போகக்கூடும். அதைச் சொல்வதற்குக் காசு எதுவும் செலவாவதில்லை.